பேசாமடந்தையும் திருட்டுப் பயலும்

மஞ்சள் பூச்சும் முதுகு நிறையச் சூரியத் தகடுகளுமாக அந்த ஆளில்லாப் படகு முதன்முதலில் ஃபிஜித் தீவுகளில் நாவெலா ஊரின் கடலில் இறங்கியபோது, ஊரே கரைக்கு வந்து கைகாட்டியது. படகு கண்டுகொள்ளாமல் போய்விட்டது. நாவெலாவில் அது பெரிய மரியாதைக் குறைவு. ஒருவர் வீட்டு வாசலை இன்னொருவர் கடந்தால் "எங்க போறே?" என்று கேட்டாக வேண்டும். "சும்மா அங்க வரைக்கும்" என்றாவது பதில் சொல்லியாக வேண்டும். உடனே "வா, சாப்பிட்டுப் போ" என்று அழைத்தாக வேண்டும், அடுப்பில் ஒரு துண்டு மரவள்ளிகூட இல்லாவிட்டாலும். இது எதுவும் தெரியாமல் பவளத் திட்டைச் சுற்றிச் சுற்றி வந்த அந்தப் படகுக்குப் பாய் முடையும் பெண்கள் அன்று மாலைக்குள் பேர் வைத்துவிட்டார்கள். பேசாமடந்தை.

பேசாமடந்தைக்கு ஊரில் ஒரே சொந்தம் உலமிலா. தகடுகளில் பறவை எச்சமிட்டால் துடைப்பது, அடியில் சிப்பி ஒட்டினால் சுரண்டுவது எல்லாம் அவள் வேலை. அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருந்தது. தடைபோட்ட கடலுக்குள், அதாவது மிதவைகள் கட்டிய எல்லைக்குள், எந்தப் படகு நுழைந்தாலும் பேசாமடந்தை அதைப் படம் பிடித்து உலமிலாவின் போனுக்கு அனுப்பும். படத்துக்குக் கீழே இரண்டு பொத்தான்கள். நம்ம படகோ நாம் விட்ட படகோ என்றால் பச்சை, திருட்டுப் படகு என்றால் சிவப்பு. சிவப்பை அமுக்கினால் பேசாமடந்தை அந்தப் படகை நெருங்கி, விளக்கடித்து, ஊதல் ஊதி, மூன்று மொழிகளில் அதட்டும்.

உலமிலா இந்த வேலைக்குச் சும்மா வந்துவிடவில்லை. அவளுக்குக் கல்யாணமான காலத்தில் நாவெலாவின் கடல் செத்துக்கொண்டிருந்தது. வெளியூர் ஆட்கள் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு முங்கி, கடல் அட்டைகளை மூட்டை மூட்டையாக அள்ளிப் போனார்கள். பெரிய கலவா மீன்கள் காணாமல் போயின. சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு நாவெலாக்காரர்கள் கடையில் டப்பா மீன் வாங்கித் தின்றார்கள். அந்த வெட்கக்கேட்டை ஆண்கள் யங்கோனா வேர்ச்சாறு குடித்துக்கொண்டே கூடிக் கூடிப் பேசினார்கள். உலமிலா பேச்சை நம்புகிறவள் இல்லை. மீன் காவலுக்கு ஆள் வேண்டும் என்று அரசாங்கம் கேட்டபோது முதலில் பேர் கொடுத்தாள். ஒரு விடியற்காலையில் அட்டை அள்ள வந்த படகு ஒன்று அவள் படகை மோதிக் கவிழ்த்துவிட்டுப் போனது. அன்று அடிபட்ட இடது தோள் இன்றும் மழைக்கு முன்பே அவளுக்குச் சேதி சொல்லிவிடும்.

ஆகவே பேசாமடந்தையை அவள் மனதாரக் கும்பிட்டாள் என்றே சொல்லலாம். அது வந்த பிறகு அட்டைக்காரர்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. முதலில் சின்ன மீன்கள் வந்தன, பிறகு அவற்றைத் தின்கிற மீன்கள் வந்தன, எல்லைக்கு வெளியே வலை போட்டாலே சட்டி நிறைந்தது. பல நாட்டு ஆட்கள் வந்து கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தலைநகர் சூவாவில் ஒரு பெரிய கூட்டம் நடத்தி, உலகத்தின் நிலைத்த வளர்ச்சி என்று தென்னை உயரத்துக்குப் பதாகை கட்டி, உலமிலாவை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். அவளும் பேசினாள். எல்லாம் சரிதான், ஆனால் நான் சிவப்பை அமுக்கிய பிறகு மீன்துறை ஆபீசில் ஒருவர் அதைப் பார்த்து, என்னைக் கூப்பிட்டுக் கேட்டு, பிறகு ரோந்துப் படகுக்குச் சொல்லுவதற்குள் திருடன் வீட்டுக்குப் போய்க் குளித்துவிடுகிறான் என்றாள். அரங்கமே கைதட்டியது. இந்தக் கைதட்டலை வாசகர் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி எபராமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாவெலாவுக்கு நேர் எதிரே தெரிகிற தீவில் மொமோலா என்று ஓர் ஊர். அவன் அந்த ஊர்க்காரன். இரண்டு ஊருக்கும் ஆதி தெய்வம் ஒன்று. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் தௌவு. நம்மூரில் மாமன் மச்சான் கேலி பேசுவோமே, அதைப் பத்து மடங்காக்கிக்கொண்டால் தௌவு முறை விளங்கும். தௌவு வீட்டுக்குப் போனால் கேட்காமல் எடுக்கலாம். பாயோ பன்றியோ பானையோ, கண்ணில் பட்டது உன்னுடையது. பறிகொடுத்தவர் கோபப்படக் கூடாது. வாய்க்கு வந்தபடி திட்டலாம், எவ்வளவு கேவலமாகத் திட்டுகிறாரோ அவ்வளவு பிரியம். பிறகு ஒருநாள் அங்கே போய்த் தன் பங்குக்கு எடுத்து வரலாம். கேட்டு வாங்குவது மட்டும்தான் தப்பு. கேட்டால் அந்நியன் என்று அர்த்தம்.

உலமிலாவின் அப்பா இறந்து, உடலை விரித்த பாய்களின்மேல் கிடத்தியிருந்தபோது எபராமா வந்தான். எல்லாரும் அழுதுகொண்டிருந்த வீட்டுக்குள் குனிந்து நுழைந்து, பிணத்தை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏன்டி நண்டுக்காரி, உசுரோட இருந்தப்ப ஓட்டைப் பாயில படுக்க வச்சீங்க. செத்தப்புறம் கிழவனுக்கு இத்தனை பாயா? அவர் என்ன உருண்டு உருண்டா படுக்கப் போறாரு?"

சொல்லிவிட்டு மேலே கிடந்த நல்ல பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டான். மூன்று நாளாக ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்த உலமிலா, "திருட்டுப் பயலே, உன் பாடையில நான் வந்து விரிப்பையே உருவுறேன் பாரு" என்று கத்தினாள். கத்தும்போதே சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அவளால் சாப்பிட முடிந்தது. அடுத்த மாதம் மொமோலாவுக்குப் போய் அவன் சேவலையும், செய்தி வாசித்துக்கொண்டிருந்த ரேடியோவையும் தூக்கி வந்தாள். அணைக்கக்கூட இல்லை.

இப்படி இருபது இருபத்தைந்து வருடம். அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு அவன் எப்போதும் திருட்டுப் பயல்தான்.

அந்த வியாழக்கிழமை காலை பெண்கள் எல்லாரும் ஊர்க் கூடத்தில் உட்கார்ந்து தாழை மடலில் பாய் முடைந்துகொண்டிருந்தார்கள். சனிக்கிழமை எபராமாவின் மகளுக்குக் கல்யாணம். நாவெலா சார்பில் போகவேண்டிய பாய் அது, ஓரத்துக்குக் கம்பளிநூல் குஞ்சம் கட்டுவது மட்டும் பாக்கி. உலமிலாவின் போன் சத்தமிட்டது. படத்தைப் பார்த்ததும் அவள் போனைப் பக்கத்தில் இருந்த தராய்வினியிடம் நீட்டினாள். நீலப் படகு. அதன் நடுவில் எபராமா, ஒரு பெரிய கலவா மீனைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிப் பிடித்து, பேசாமடந்தையைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றான். கல்யாண விருந்துக்குத் தௌவின் கடலில் மீன் திருட வந்திருக்கிறான்.

"வெக்கங்கெட்டவன், போஸ் குடுக்கறான் பாரு," என்றாள் தராய்வினி. "செவப்ப அமுக்குடி. நம்ம மடந்தை போய்க் கொஞ்சம் ஊதிக் காட்டட்டும். மீனக் கடல்ல போட்டுட்டு ஓடுவான்."

உலமிலா அமுக்கினாள். இது முதல் தடவையும் அல்ல. போன கிறிஸ்துமஸுக்கு இதே எபராமாவுக்குச் சிவப்பை அமுக்கி, அவன் ஊதல் சத்தத்தில் பதறித் தண்ணீரில் விழுந்ததை மூன்று மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அன்று ஆபீசிலிருந்து ரோஹிதேஷ் கூப்பிட்டு, "அக்கா, இது உங்க ஆளுதானே?" என்று கேட்டு, தானும் சிரித்துவிட்டு அழித்துவிட்டான். இன்றும் ரோஹிதேஷ் கூப்பிடுவான் என்று உலமிலா போனை மடியில் வைத்துக்கொண்டு குஞ்சம் கட்டத் தொடங்கினாள்.

ரோஹிதேஷ் கூப்பிடவில்லை. போனில் ஒரு வரி வந்தது. உங்கள் தகவலுக்கு நன்றி, ரோந்துப் படகு புறப்பட்டுவிட்டது.

அப்படி ஒரு வரியை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. மறுபடி படித்தாள். எங்கேயாவது திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு பொத்தான் இருக்குமா என்று திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பெண்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் எழுந்து வெளியே போய், போன் நன்றாக எடுக்கிற பலா மரத்தடியில் நின்று ரோஹிதேஷைக் கூப்பிட்டாள்.

ரோஹிதேஷ் நல்ல பையன். லபாசா நகரத்தில் பிறந்து வளர்ந்தவன், அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, போன மாசம் அதை மாத்திட்டாங்க. முன்னாடி செவப்பு எங்கிட்ட வரும், நான் உங்ககிட்ட கேப்பேன். இப்ப நடுவுல ஆளே கிடையாது. நீங்க அமுக்கினா நேரா ரோந்துக்குப் போயிடும்."

"யாரக் கேட்டு மாத்தினீங்க?"

"நீங்கதான அக்கா சூவாவுல பேசினீங்க. நான் பாத்து, கேட்டு, சொல்றதுக்குள்ள திருடன் குளிச்சுடறான்னு."

அவனால் நிறுத்த முடியுமா என்று கேட்டாள். முயற்சி பண்ணுகிறேன் என்றான். அந்தக் குரலே முடியாது என்று சொன்னது. ஒருமுறை சிவப்பு விழுந்த படகைப் பிடித்துக் கட்டி வைத்து, விசாரித்த பிறகுதான் விடுவார்கள் என்றும், எத்தனை நாள் ஆகும் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னான்.

உலமிலாவுக்கு அப்போதுதான் முழுதும் உறைத்தது. அந்த நீலப் படகு எபராமாவுடையது மட்டும் அல்ல. மொமோலாவில் பள்ளிக்கூடம் கிடையாது. தினமும் காலையில் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தீவுப் பள்ளிக்குப் போய்வருவது அந்தப் படகுதான். கர்ப்பிணியைக் கொண்டுபோவதும் அதுதான். நாளை மறுநாள் சம்பந்தி வீட்டாரை ஏற்றி வர வேண்டியதும் அதுதான். விளையாட்டு வினையாகும் என்பதை ஊருக்கெல்லாம் சொல்லுவோம், நமக்கு நடந்த பிறகுதான் நம்புவோம்.

அவள் புருஷன் செமிசி சேம்புத் தோட்டத்தில் இருந்தான். அதிகம் பேசாத ஆள். மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே வந்து படகைத் தள்ளினான். எஞ்சின் முதல் இழுப்பில் பிடிக்கவில்லை, இரண்டாவதிலும் பிடிக்கவில்லை. உலமிலா நகரம் இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வெள்ளையாகத் தெரிந்த ஒவ்வொரு அலையும் ரோந்துப் படகாகத் தெரிந்தது. ரோந்துப் படகு வருவதற்குள் எபராமா எல்லையைத் தாண்டி வீட்டைப் பார்க்கப் போய்விட்டால் போதும். அது ஒன்றுதான் அவள் வேண்டுதல். கடவுளே, அந்தப் பயல் ஒரே ஒரு தடவை நான் சொல்வதைக் கேட்கட்டும்.

போய்ச் சேர்ந்தபோது பேசாமடந்தை நீலப் படகுக்குப் பக்கத்தில் நின்று பகலிலேயே விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் பாதுகாக்கப்பட்ட கடலில் இருக்கிறீர்கள், இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று ஒரு பெண் குரல் ஃபிஜியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொன்னது. எபராமா பலகைமேல் ஏறி நின்று அதற்கு முன்னால் இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தான். உலமிலாவைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"வாடி நண்டுக்காரி! உன் மக எங்கிட்ட மூணு பாஷைல கெஞ்சறா, போகாதே போகாதேன்னு. கல்யாணத்துக்கு இவளையும் கூட்டிட்டுப் போயிடறேன், பேசாம உக்காந்திருப்பா."

"கெளம்புடா, கெளம்பு. ரோந்துப் படகு வருது. நான் தெரியாம செவப்ப அமுக்கிட்டேன்."

"தெரியாமயா? நீயா?"

"சத்தியமா. முன்ன மாதிரி இல்ல, மாத்திட்டாங்க. படகப் புடிச்சுக் கட்டிடுவாங்க. மீனப் போட்டுட்டுப் போயிடு."

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மீனைப் போட்டுவிட்டு ஓடச் சொல்கிறாளாம். போன கிறிஸ்துமஸுக்கும் இப்படித்தானே விழுந்தேன், இந்த வருடம் அழுகை வேறு சேர்த்துக்கொண்டாயா என்றான். உலமிலா உண்மையிலேயே அழுதுகொண்டிருந்தாள். அது அவனுக்கு இன்னும் வேடிக்கையாகிவிட்டது. இருபத்தைந்து வருடமாக அவர்கள் ஒருவரிடம் ஒருவர் உண்மை பேசியதே கிடையாது. சுறா வருகிறது என்று அவன் அவளைத் தண்ணீரிலிருந்து ஓட வைத்திருக்கிறான். உன் வீடு பற்றி எரிகிறது என்று அவள் அவனைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பியிருக்கிறாள். புலி வருது கதையில் ஒரு பையன்தான் பொய் சொன்னான். இங்கே இரண்டு ஊரும் சேர்ந்து தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவைத்த பொய்.

அவள் செமிசியைப் பார்த்தாள். நீயாவது சொல்லு என்றாள். பேசாத செமிசி வாயைத் திறந்து, "நெசம்தான், போயிடு" என்றான். எபராமா, செமிசியையும் நடிக்கப் பழக்கிவிட்டாயா என்று பாராட்டினான். பிறகு வேண்டுமென்றே நங்கூரத்தைத் தண்ணீரில் போட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு தேங்காயை உடைக்க ஆரம்பித்தான். எந்த ரோந்து வருகிறதென்று பார்த்துவிட்டே போகிறேன் என்றான்.

உலமிலா அவன் படகுக்குத் தாவி நங்கூரக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். இடது தோள் உயிர்போக வலித்தது. அவன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சிரிக்க எதிர்ப்பக்கம் இழுத்தான். கயிறிழுக்கும் போட்டி என்று நினைத்துக்கொண்டான் அந்தப் பாவி.

அப்போதுதான் எஞ்சின் சத்தம் கேட்டது. சாம்பல் நிறப் படகு தீவின் முனையைச் சுற்றி வந்தது. எபராமா கயிற்றை விடவில்லை. முதலில் படகைப் பார்த்தான், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணீரும் சளியுமாக இருந்த அந்த முகத்தில் அவன் தேடியது கிடைக்கவில்லை.

"நெசமாவா, உலமிலா?" என்று கேட்டான்.

அவள் பேரை அவன் வாயால் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

வந்த அதிகாரிகள் இருவரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். உலமிலா தானே காவலாள் என்றும், தான்தான் விளையாட்டாக அமுக்கியது என்றும், இவர்கள் எங்கள் தௌவு என்றும் சொன்னாள். அவர்களில் மூத்தவருக்குத் தௌவு என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும், அவருக்கும் தௌவு ஊர் உண்டு. அவர் சங்கடத்தோடு சொன்னார்.

"அம்மா, படகைப் புடிச்சப்புறம் எல்லாருமே சொந்தம்னுதான் சொல்றாங்க. அதனாலதான் கடல்ல வச்சு வாபஸ் கிடையாதுன்னு வச்சிருக்காங்க. மெஷின் படம் எடுத்திருக்கு, நீங்க செவப்புன்னு சொல்லியிருக்கீங்க, மீனும் படகுல இருக்கு. நான் பாத்தும் பாக்காம போனா எனக்கு வேலை போயிடும்."

எபராமாவைத் தங்கள் படகில் ஏற்றிக்கொண்டு, நீலப் படகைப் பின்னால் கட்டி இழுத்துப் போனார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்தவளாக உலமிலா தன் படகுக்குத் திரும்பி, நங்கூரக் கயிறு அறுத்த கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசாமடந்தை விளக்கை அணைத்துவிட்டுத் தன் சுற்றுக்குப் போய்விட்டது.

ரோஹிதேஷ் அலைந்து திரிந்து, இரண்டு ஊர்த் தலைவர்களையும் பேச வைத்து, மறுநாள் சாயங்காலம் ஆளை வெளியே கொண்டுவந்துவிட்டான். படகு வரவில்லை. கல்யாணம் நடந்தது. நாவெலாக்காரர்கள் குஞ்சம் கட்டிய பாயோடு போனார்கள். வெட்கத்தில் முகம் சிவக்கத் திட்டு வாங்கவேண்டும், அதற்குத் தயாராகத்தான் உலமிலா போனாள். மொமோலாக்காரர்கள் அவர்களை நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்தார்கள். சாப்பிட்டீர்களா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டார்கள். இலையில் சேம்பும் தேங்காய்ப்பாலும் இருந்தன. மீன் இருக்கவேண்டிய இடத்தில் டப்பா மீன் இருந்தது. அதை உலமிலாவால் விழுங்க முடியவில்லை, விழுங்காமலும் இருக்க முடியவில்லை.

"அவன் பெரிசா ஏதோ திட்டம் போடறான்," என்றான் செமிசி, திரும்பி வரும்போது. "நம்ம பன்னி தப்பாது பாரு."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உலமிலா அடுத்த வாரங்களைத் தள்ளினாள். நீலப் படகைக் கடைசியில் விட்டுவிட்டார்கள், ஒரு பக்கம் சுரண்டிய பூச்சோடு. அதுவரை மொமோலாப் பிள்ளைகள் பள்ளிக்கூடத் தீவில் சொந்தக்காரர் வீடுகளில் நெருக்கியடித்துப் படுத்தார்கள் என்று காதில் விழுந்தது. சிலர் பேசாமடந்தையைக் கல்லால் அடிக்க வேண்டும் என்றார்கள். எய்தவள் நான் இருக்க அம்பை ஏன் நோகிறீர்கள் என்று உலமிலா அவர்கள் வாயை அடைத்தாள். அமுக்கிய விரலைத்தான் அவள் அடிக்கடி பார்த்துக்கொண்டாள்.

ரோஹிதேஷ் ஒருநாள் நேரிலேயே வந்தான். மூன்றாவதாக ஒரு பொத்தான் வைத்துவிடலாம் என்று யோசனை சொன்னான். தௌவு ஊரின் படகுகளையெல்லாம் பதிந்துவிட்டால், வருடத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு மீன் என்று சொல்லிவிட்டால், மெஷினே அனுமதித்துவிடும், யாருக்கும் தொல்லை இல்லை.

"அனுமதியோட எடுத்தா அது தௌவு இல்ல தம்பி," என்றாள் உலமிலா.

"பின்ன என்னக்கா?"

"வாங்கிட்டுப் போறது."

அவனுக்கு அதை எப்படி எழுதி அனுப்புவதென்று தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. மெஷின் வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் கடலில் மீன் இருந்தது. அவள் தோளுக்கு அது தெரியும்.

பன்றியைக் கொட்டிலிலிருந்து அவிழ்த்துக் கரையோரத் தென்னையில் கட்டினாள், யார் வேண்டுமானாலும் ஓட்டிப் போகிற மாதிரி. புதுப் பாயைக் கொடியில் போட்டாள். பெரிய அலுமினியப் பானையைத் தேய்த்துப் பளபளவென்று வாசலில் கவிழ்த்தாள். தராய்வினி பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்குச் சீர் வைத்திருக்கிறாயா என்று கேட்டாள். உலமிலா சிரிக்கவில்லை. விடிந்ததும் முதல் வேலையாகப் பன்றி இருக்கிறதா என்று பார்ப்பாள். இருக்கும். அதன் உறுமலைக் கேட்டாலே எதிர்த் தீவைப் பார்ப்பாள். இன்னும் வரவில்லையே, இன்னும் எடுக்கவில்லையே என்று.

ஒரு முற்பகலில் நீலப் படகு வந்தது. தடைபோட்ட கடலுக்குள் போகாமல், சுற்றிக்கொண்டு நேராக ஊர்க் கரைக்கே வந்தது. உலமிலா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். பன்றிக்கு ஐந்தடி தூரத்தில் எபராமா படகை ஏற்றினான். தொண்டைக்குள் வசவுகள் வரிசை கட்டின. நல்லதாக ஒன்றைப் பொறுக்கி வைத்துக்கொண்டாள்.

அவன் பன்றியைத் தாண்டி நடந்தான். கொடியில் கிடந்த பாய் காற்றில் அவன்மேல் பட்டது, மெல்ல ஒதுக்கிவிட்டு வந்தான். சட்டை போட்டிருந்தான். இடுப்பில் ஞாயிற்றுக்கிழமைச் சூலு வேட்டி. தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தான். கையில் யங்கோனா வேர்க் கட்டு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்று, தொண்டையைச் செருமினான்.

செமிசி எழுந்து கதவருகே போனான். எபராமா தாழ்ந்து உட்கார்ந்து, வேர்க் கட்டை இரண்டு கைகளாலும் முன்னால் வைத்தான். அறியாத ஊருக்கு முதன்முதலாகப் போகிறவர்கள் சொல்லவேண்டிய வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னான்.

"மொமோலாவுல இருந்து வந்திருக்கோம். உங்க கடல்ல கொஞ்சம் மீன் புடிக்க அனுமதி கேட்டு வந்திருக்கோம். மருமகன் வீட்டு ஆளுங்க வராங்க. ஒரு கூடை போதும். தப்பா ஏதும் இருந்தா நீங்க பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்."

அவன் முகத்தில் ஏதாவது ஒரு மூலையில் சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று உலமிலா தேடினாள். உதட்டோரம், கண்ணோரம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம்கூட இல்லை. கோபம் இருந்தால்கூட அவளுக்குப் போதுமாயிருக்கும்.

செமிசி அவளைத் திரும்பிப் பார்த்தான். யாராவது ஏதாவது சொல்ல வேண்டும். வேர்க் கட்டை அவன் தொட்டுக் கைதட்டி ஏற்றுக்கொண்டான். வேறென்ன செய்வது, மறுத்தால் அது இன்னும் கேவலம்.

"எடுத்துக்க," என்றாள் உலமிலா.

"ரொம்ப நன்றிங்க," என்றான் எபராமா. "நீங்க அந்த மெஷின்ல ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நல்லா இருக்கும்."

வா, சாப்பிட்டுப் போ என்று அழைத்தாள். நேரமாகிறது என்று பணிவாகச் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டான். அவள் பின்னாலேயே ஓடினாள். தென்னையிலிருந்து பன்றியை அவிழ்த்து, கயிற்றைப் படகு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் அவன் கையில் திணிக்கப் பார்த்தாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேண்டாங்க. உங்க பன்னி."

படகு கிளம்பிற்று. கொஞ்ச நேரத்தில் அவள் போன் சத்தமிட்டது. நீலப் படகின் படம். எபராமா வலையை மடித்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தான், பேசாமடந்தையின் பக்கம் நாக்கை நீட்டவில்லை. உலமிலா பச்சையை அமுக்கினாள். போன் நன்றி சொன்னது.

தூரத்தில் அவன் ஒரே ஒரு கூடை நிரப்பிக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல் வலையைச் சுருட்டுவது தெரிந்தது. போகிற வழியில் மறுபடியும் நாவெலாவின் கரையைக் கடந்தான். உலமிலா முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, இத்தனை வருடமாக அவனைக் கூப்பிட்ட அந்த வார்த்தையைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள். அது வரவில்லை. சிவப்பை அமுக்கி அந்த வார்த்தையை அவள் ஏற்கெனவே ஒரு மெஷினிடம் சொல்லிவிட்டிருந்தாள். வேறு வார்த்தை தேடினாள், அவனைக் கூப்பிட அவளிடம் வேறு வார்த்தையே இல்லை. எபராமா மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனான். அவிழ்த்துவிட்ட பன்றி அவள் பின்னால் மணலைக் கிண்டிக்கொண்டிருந்தது.